உஷார்! தூங்கி விழும் கோழியைச் சட்டிக்கு அனுப்பாதீர்கள்

கோடிப்பக்கத்தில் ஒரு கோழி செட்டையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி மூடித் திறந்தபடி நிற்கிறதா? விடியக் கூட்டைத் திறந்ததும் மற்றவை எல்லாம் தீனுக்கு ஓடிவர, அது மட்டும் மூலையில் குந்தியே இருக்கிறதா? எச்சம் பச்சையாக, தண்ணியாகப் போகிறதா? அப்படியானால் இதை வாசித்து முடிக்கும்வரை மூன்று காரியங்களைச் செய்யாதீர்கள். கத்தியை எடுக்காதீர்கள். கோழி வாங்கும் ஆளைக் கூப்பிடாதீர்கள். தூக்கி வேலிக்கு வெளியே எறியாதீர்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வீட்டுக்கோழி வளர்ப்பவர்கள் பயப்படுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற எதிரிகளுக்குத்தான். கீரி, மரநாய், பருந்து, தெருநாய். கூட்டுக்குத் தகரம் அடிப்பதும் கம்பிவலை சுற்றுவதும் அவற்றுக்காகவே. வேண்டிய காவல்தான். ஆனால் கீரி வந்தால் ஒன்றோ இரண்டோ போகும். தூங்கத் தொடங்கிய ஒரு கோழியால் முழுக் கூடும் போகும், அயலட்டமும் சேர்ந்து போகும். சிலவேளை அந்த வீட்டு மனிதருக்கே ஆபத்து வரும். எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்கு நாம் பயப்படுவதில்லை என்பதுதான் என் கவலை.

2022இன் பொருளாதார நெருக்கடியில் கோழித்தீன் விலை கைக்கெட்டாமல் போய், முட்டைக்குத் தட்டுப்பாடு வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2023இல் அரசாங்கம் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. ‘வீட்டுக்கு நாலு கோழி நின்றால் பிள்ளைகளுக்கு முட்டையாவது மிஞ்சும்’ என்று அந்த நாட்களில் கோழி வாங்கி விட்ட குடும்பங்கள் நிறைய. நல்ல முடிவு, தப்பே சொல்ல மாட்டேன். ஆனால் கோழி வாங்கிய பலர் கூட்டுக்குச் செலவழித்தார்கள், தீனுக்குச் செலவழிக்கிறார்கள். தடுப்பு மருந்து என்ற பேச்சு மட்டும் எழுவதில்லை. ‘ஊர்க்கோழிக்கு என்ன ஊசி? அது தானாக மேய்ந்து வளரும்’ என்ற பழைய நம்பிக்கை இன்னும் நிற்கிறது. அந்த நம்பிக்கைதான் கூட்டுக்கூட்டாகக் கோழிகளைச் சாகடிக்கிறது.

ராணிக்கெட் என்று நாம் சொல்கிற நோயை உலகம் நியூகாசில் நோய் என்கிறது. 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரப் பக்கத்திலும் இனங்காணப்பட்ட வைரஸ் நோய் இது. நூறு வருடமாகியும் இதற்குக் குணமாக்கும் மருந்து கிடையாது. கடும் வகை வைரஸ், தடுப்பு மருந்து காணாத கூட்டில் புகுந்தால் பத்துக்கு எட்டு, ஒன்பது, சிலவேளை பத்தும் சாகும். தொற்றிய கோழி உடனே காட்டிக்கொடுக்காது. சாதாரணமாக ஐந்தாறு நாள் செல்லும், இரண்டே நாளிலும் தெரியும், பதினைந்து நாளும் இழுக்கும். சந்தையில் நீங்கள் கையில் தூக்கிப் பார்த்து, கொண்டை சிவப்பாக இருக்கிறது, கண் பளிச்சென்று இருக்கிறது என்று விலை பேசிய பேடு அந்த இடைவெளியில் நிற்கும் பேடாக இருக்கலாம்.

நோய் முற்றும் விதத்தைக் கிட்ட நின்று பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முதலில் தீனைக் கொத்தாமல் நிற்கும். தண்ணீர்ச் சட்டியண்டை போய் அலகை நனைத்துவிட்டு அப்படியே தலையைத் தொங்கப் போடும். பிறகு வாயைத் திறந்து, கழுத்தை நீட்டி, மூச்சுக்கு அலையும். உள்ளே சளி கொரகொரவென்று கேட்கும். அதையும் தாண்டி உயிரோடு இருந்தால் கழுத்துத் திருகி, தலை முதுகுப்பக்கம் மடிந்து, பின்னுக்குப் பின்னுக்கு நடந்து சுற்றும். முட்டையிடும் பேடுகள் திடீரென்று நிறுத்திவிடும், அல்லது தோல்முட்டை இடும். இத்தனைக்கும் நடுவில் நாம் செய்வது என்ன? உள்ளியும் மிளகும் மஞ்சளும் அரைத்து உருட்டி வாயில் திணிக்கிறோம். பனடோலைக் கரைத்துப் பருக்குகிறோம். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அன்ரிபயோட்டிக் குளிசையை உடைத்துத் தண்ணீரில் போடுகிறோம். அன்ரிபயோட்டிக் பக்டீரியாவுக்கானது, வைரசுக்கு அது எதுவும் செய்யாது. அந்த மருந்து முட்டைக்குள்ளும் இறைச்சிக்குள்ளும் இறங்கி நம் பிள்ளைகளின் வயிற்றுக்குத்தான் வரும். மிருக வைத்தியர் சொல்லாமல் ஒரு குளிசையும் கொடுக்காதீர்கள். அவர் கொடுத்தால், எத்தனை நாளைக்கு முட்டையை எடுக்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.

இனி, அந்தக் கத்தி விஷயம்.

“தூங்கத் துவங்கீட்டுது தம்பி. சாகிறதுக்கு முந்தி வெட்டினா இறைச்சியாவது மிஞ்சும்.”

“வேண்டாம் அக்கா. இது ராணிக்கெட்டோ வேற என்னவோ எண்டு கண்ணால பார்த்துச் சொல்ல ஏலாது.”

“அவிச்சால் எல்லாம் செத்துப்போகும்தானே?”

“அவிக்கிறதுக்கு முதல் வெட்டுறது ஆர், சிறகு பிடுங்கிறது ஆர்? நீங்கள்தானே.”

இந்தப் பேச்சு நடக்காத ஒழுங்கை இல்லை. அக்கா சொல்வதில் பாதி சரி. உள்வரை 70 பாகை செல்சியசைத் தாண்டி வெந்த இறைச்சியில் வைரஸ் உயிரோடு இருக்காது. ராணிக்கெட் வைரசும் மனிதருக்குப் பெரும்பாலும் கண் சிவந்து, கண்ணீர் வடிவதோடு போய்விடும். ஆனால் அதே தூக்கம், அதே பச்சைக் கழிச்சல், அதே மூச்சுத்திணறல், அதே திடீர்ச் சாவு பறவைக் காய்ச்சலுக்கும் உண்டு. ஆய்வுகூடத்தில் சோதிக்காமல் இரண்டையும் பிரித்துச் சொல்ல மிருக வைத்தியராலேயே முடியாது. பறவைக் காய்ச்சல் என்றால் ஆபத்து சட்டியில் இல்லை. வெட்டும்போது தெறிக்கும் இரத்தத்திலும், சுடுதண்ணீரில் முக்கிச் சிறகு பிடுங்கும் கையிலும், அருகே குந்தியிருந்து குடலைப் பார்க்கும் பிள்ளையிலும் இருக்கிறது.

எச்5என்1 என்ற அந்தப் பறவைக் காய்ச்சல் 1997இல் ஹொங்கொங்கில் முதன்முதலாக மனிதரைத் தொற்றியபோது 18 பேர் நோயாளிகளானார்கள், அதில் 6 பேர் இறந்தார்கள். அது தூர தேசத்துக் கதை என்று விடலாமா? 2006இல் இந்தியாவுக்குள் மகாராஷ்டிராவின் நவாபூரில் கோழிகளில் கண்டார்கள். 2014இல் கேரளத்தின் ஆலப்புழைப் பக்கம் வாத்துகள் செத்து விழுந்தன. 2025 மார்ச்சில் ஆந்திராவின் நரசராவுபேட்டையைச் சேர்ந்த இரண்டு வயதுக் குழந்தை ஒன்று எச்5என்1 தொற்றி இறந்தது. வீட்டில் கோழி வெட்டிக் கழுவும்போது குழந்தை பச்சை இறைச்சித் துண்டு ஒன்றை வாயில் போட்டதாகப் பெற்றோர் சொன்னதாகச் செய்திகள் வந்தன. கோழி வெட்டும் இடத்தில் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பது நம் வீடுகளில் சாதாரணம். இனி விடாதீர்கள்.

குடாநாட்டுக்கு இன்னொரு கவனமும் வேண்டும். ஐப்பசியில் தொடங்கிப் பங்குனிவரை வடக்கேயிருந்து வலசை வரும் பறவைகளுக்கு நம் களப்புகளும் தரவைகளும்தான் தங்குமிடம். தொண்டமானாறு, மண்டைதீவு, சரசாலைக் குருவிக்காடு, தெற்கே சுண்டிக்குளம் என்று வாத்தும் உள்ளானும் பூநாரையும் கூட்டமாக இறங்கும். அழகான காட்சி, எங்கள் மண்ணின் பெருமை, அவற்றை யாரும் விரட்டத் தேவையில்லை. ஆனால் பறவைக் காய்ச்சல் வைரசைக் காட்டு வாத்துகள் நோயில்லாமலே சுமக்கும். களப்போரத்தில் வீடு உள்ளவர்கள் அந்த மாதங்களில் கோழியையும் தாராவையும் தண்ணிக்கரைக்கு மேய விடாதீர்கள். காட்டுப்பறவை செத்துக் கிடந்தால் கையால் தூக்காதீர்கள், பிள்ளைகளையும் தூக்க விடாதீர்கள். ஒரே நேரத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள்.

தூங்கும் கோழியை வியாபாரிக்கு விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. விற்றால் ஐந்நூறோ ஆயிரமோ கைக்கு வரும், உண்மை. அந்தக் கோழி சாக்கில் ஏறி, மோட்டார் சைக்கிளில் நாலு ஊர் சுற்றி, இன்னொரு கூட்டில் இறங்கும். வேலிக்கு வெளியே எறிந்தது நாயின் வாயில் ஏறி அடுத்த வளவில் கிடக்கும். காகம் மிச்சத்தைக் கொண்டுபோய்க் கிணற்றுக்கட்டில் வைத்துக் கொத்தும். நோய் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் பெரும்பாலும் பறந்து போவதில்லை, நாம்தான் கொண்டுபோகிறோம். விலங்கு நோய்கள் பரவாமல் தடுக்க 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் நாட்டில் இருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டாம், அயலவரின் முகத்தைப் பார்த்துச் செய்யுங்கள்.

சரி, என்னதான் செய்வது? தூங்கும் கோழியை உடனே தனியாக, ஒரு கரப்பின் கீழ், மற்றவற்றுக்குக் காற்றுப் படாத தூரத்தில் வையுங்கள். கைக்குப் பொலித்தீன் பையையாவது கட்டிக்கொண்டு தூக்குங்கள், மூக்கையும் வாயையும் துணியால் மூடுங்கள். தீன் வைப்பது முதலில் சுகமான கோழிகளுக்கு, கடைசியாகச் சீக்குக் கோழிக்கு. மாறிச் செய்தால் உங்கள் செருப்பே நோயைக் காவும். உங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அன்றைக்கே சொல்லுங்கள். இரண்டு மூன்று கோழி ஒரே நேரத்தில் செத்தால் இது கட்டாயம். செத்ததைப் புதைக்கலாம் என்று அவர்கள் சொன்னால், கிணற்றுக்கு எட்டத்தில், ஆழமாக, சுண்ணாம்பு தூவிப் புதைத்து, நாய் கிளறாதபடி மேலே கல் அடுக்குங்கள். மாரியில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும்போது குழி தோண்டினால் தண்ணீர்தான் வரும். அப்போது எரிப்பதே நல்லது. ஊரில் சீக்கு ஓயும்வரை புதிதாகக் கோழி வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள்.

இவ்வளவும் வந்த பிறகு ஓடுகிற ஓட்டம். வராமல் தடுக்கிற வழி ஒரு சொட்டு மருந்து.

பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொருவையில் இருக்கும் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் ராணிக்கெட்டுக்கான தடுப்பு மருந்தை நாட்டிலேயே தயாரிக்கிறது. மருந்து இல்லாத நோய்க்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்பிராட்புரோ என்ற பேராசிரியர், குளிர்ப்பெட்டி இல்லாத கிராமங்களுக்காகவே ஐ-2 என்ற வெப்பம் தாங்கும் தடுப்பு மருந்தை உருவாக்கினார். ஆபிரிக்கக் கிராமங்களில் பெண்கள் தங்கள் கோழிகளுக்குத் தாங்களே கண்ணில் ஒரு சொட்டு விட்டு, மூன்று நாலு மாதத்துக்கு ஒருதரம் திரும்ப விட்டு, கூட்டைக் காப்பாற்றுகிறார்கள். அவர்கள் வளர்ப்பதும் முற்றத்தில் மேயும் ஊர்க்கோழிதான். ஊர்க்கோழிக்கு ஊசி எதற்கு என்று கேட்பவர்களுக்கு அதைவிடப் பதில் என்னிடம் இல்லை.

நம் ஊரில் சிக்கல் வேறு இடத்தில். தடுப்பு மருந்துக் குப்பி ஒன்று நூறு கோழிக்கோ அதற்கு மேலோ போதுமான அளவில் வரும். திறந்து கரைத்தால் ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் முடித்துவிட வேண்டும். மிஞ்சியதை நாளைக்கு வைக்க முடியாது. ஆறு கோழி வைத்திருக்கும் வீட்டுக்கு ஒரு குப்பியை உடைக்க மனம் வராது, வைத்தியருக்கும் வராது. எனவே ‘பிறகு பார்ப்பம்’ என்று விட்டு, பிறகு கோழியைப் புதைக்கிறோம். இதற்கு ஒரே வழி ஒழுங்கையாகச் சேர்வது. பத்து வீடு, வீட்டுக்குப் பத்துக் கோழி என்றால் ஒரு குப்பி கணக்காகிவிடும். முதல்நாள் இரவே கோழிகளைக் கூட்டில் அடைத்து வைத்து, விடியற்காலையில் மேய விடமுன் ஒவ்வொரு வீடாகப் போனால் வெயில் ஏற முதல் வேலை முடிந்துவிடும். ஒரு கையால் செட்டை இரண்டையும் சேர்த்துப் பிடித்து, தலையைப் பக்கவாட்டில் சரித்து, கண்ணில் ஒரு சொட்டு. கண்ணை ஒருதரம் சிமிட்டி மருந்தை உள்ளே வாங்கும்வரை விடக்கூடாது, அவ்வளவுதான். எந்த வயதில் எது, எத்தனை மாதத்தில் திரும்ப என்பதை மட்டும் மிருக வைத்தியரிடம் கேட்டு எழுதி வையுங்கள். பாவிக்கும் மருந்துக்கு மருந்து அது மாறும்.

இங்கேயும் இரண்டு பொறி உண்டு. சாதாரணத் தடுப்பு மருந்து உயிருள்ள வைரஸ், 2 முதல் 8 பாகைக் குளிருக்குள் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் குப்பியைச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிள் மிதித்தால் வீடு வரும்போது அது வெறும் தண்ணீர். ஐஸ் போட்ட போத்தலோடு கொண்டுவாருங்கள். மற்றது, குடிதண்ணீரில் கலந்து கொடுக்கும் வகை என்றால் குளோரின் இல்லாத தண்ணீர் வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றுக்குக் குளோரின் போட்டிருப்பார். அந்தத் தண்ணீரில் கரைத்தால் நோய்க்கு முன்னமே மருந்து செத்துவிடும். பலர் ‘ஊசி போட்டும் கோழி செத்தது’ என்று சொல்வதன் பின்னால் இந்த இரண்டில் ஒன்று இருக்கும். இல்லாவிட்டால், ஏற்கெனவே தூங்கத் தொடங்கிய கூட்டுக்கு மருந்து விட்டிருப்பார்கள். தொற்றிய கோழியைத் தடுப்பு மருந்து மீட்காது.

வாகனத்தில் கொண்டுவந்து விற்கிற குஞ்சானாலும், சொந்தக்காரர் அன்பாகத் தந்த சேவலானாலும், புதிதாக வருவதை இரண்டு மூன்று கிழமையாவது தனியாக வைத்துப் பார்த்த பிறகுதான் கூட்டில் சேர்க்க வேண்டும். அன்பளிப்புக்கும் இதில் விலக்கு இல்லை.

கோழியைக் கொல்லும் ஆபத்தைச் சொன்னேன். கோழிக்கூடு வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வரும் ஆபத்தும் உண்டு.

2024 டிசம்பரை வடமராட்சி மறந்திருக்காது. நவம்பர் கடைசியில் கொட்டிய மழை வடியமுன், காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் சில நாளுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். என்ன காய்ச்சலென்று தெரியாமல் ஊர் கலங்கியது. கடைசியில் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. எலியின் சிறுநீரிலுள்ள கிருமி, ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் உயிரோடு இருந்து, காலில் உள்ள சிறு கீறல் வழியாக உடம்புக்குள் போகிறது. வயலில் இறங்குபவர்களுக்குத்தான் இது வரும் என்ற எண்ணம் பொதுவானது. இரவில் கோழிக்கூட்டடியில் சிந்திக் கிடக்கும் தவிட்டுக்கும் குறுணலுக்கும் எத்தனை எலி வருகிறது என்று ஒருநாள் ரோர்ச் அடித்துப் பாருங்கள். அதே இடத்தை மாரிச் சேற்றில் வெறுங்காலோடு மிதித்துத்தான் காலையில் கூட்டைத் திறக்கிறோம். பின்னேரம் மிஞ்சிய தீனை எடுத்துவிடுங்கள். சாக்கில் வைக்காமல் மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளியில் அல்லது தகரப் பீப்பாவில் வையுங்கள். மழைக்காலத்தில் கூட்டடிக்குச் செருப்பில்லாமல் போகாதீர்கள், காலில் புண் உள்ளவர் போகவே வேண்டாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை நோவும் கண் சிவப்பும் சேர்ந்தால், சிறுநீர் குறைந்தால், பனடோல் போட்டுப் படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், ‘வீட்டில் கோழிக்கூடு இருக்கிறது, எலி வரும்’ என்று நீங்களாகவே சொல்லுங்கள்.

எலி வந்த இடத்துக்குப் பாம்பு வரும். நாகத்துக்கு முட்டையும் குஞ்சும் கூடப் பிடிக்கும். முட்டையிடும் பேடு கூட்டை விட்டுவிட்டு விறகு அடுக்கிலோ பனையோலைக் குவியலிலோ ஒளித்து இடும் பழக்கம் உள்ளது. அந்த முட்டையைத் தேடி இருட்டில் கையை உள்ளே விடுவதுதான் நான் கேள்விப்படும்போதெல்லாம் பதறுகிற காரியம். யாழ்ப்பாணத்தின் வரண்ட மண்ணில் சுருட்டை விரியன் நிறைய, கையளவு பாம்பு, கண்ணில் படாது. தடியால் கிளறிப் பார்க்காமல், வெளிச்சம் இல்லாமல், கையை விடவே கூடாது. கூட்டுக்குள்ளேயே இருட்டான மூலையில் வைக்கோல் போட்ட பெட்டியோ பழைய கடகமோ வைத்தால் பேடு வெளியே தேடிப் போகாது. கடித்துவிட்டால் கட்டும் கீறலும் பார்வையும் வேண்டாம். கடித்த கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி.

அடுத்தது கிணறு. மற்றப் பல மாவட்டத்தவருக்கு இல்லாத கவலை நமக்கு இதில் இருக்கிறது. குடாநாட்டின் கீழே இருப்பது வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது வடிகட்டப்பட நேரமில்லாமல் கீழே இறங்கிவிடும். உரத்தாலும் மலக்குழிகளாலும் வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறிக் கிடப்பதை ஆய்வாளர்கள் பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். குடிதண்ணீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தாண்டிய தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் உடம்பு நீலம் பாயக்கூடும். கோழி எருவில் நைதரசன் மிகுதி, அதனால்தான் தோட்டக்காரர் தேடி வாங்குகிறார்கள். அதே எருவைக் கிணற்றடியில் குவித்து வைத்தால் முதல் மழையிலேயே அது நம் குடத்துக்கு வருகிறது. ‘தண்ணி அள்ளி வைக்கச் சுகம்’ என்று கிணற்றருகே கூடு கட்டியிருப்பவர்கள் கூட்டை வளவின் மற்ற மூலைக்கு மாற்றுங்கள். எருவை மழை படாமல் மூடி வைத்து மக்கிய பிறகு வாழைக்கும் கத்தரிக்கும் போடுங்கள்.

முட்டையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சொன்னால் சில பெரியவர்கள் கோபிப்பார்கள், ஆனாலும் சொல்கிறேன். சாமத்தியப்பட்ட பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் பருக்குவது நம் வீடுகளின் வழக்கம். பிள்ளை பலமாக இருக்க வேண்டும் என்ற அக்கறையில் வந்த வழக்கம் அது, அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் சல்மொனெல்லா என்ற கிருமி ஓட்டின் மேல் மட்டும் இருப்பதில்லை, சில கோழிகளில் முட்டை உருவாகும்போதே உள்ளே போய்விடுகிறது. கோழி சுகமாகவே நிற்கும், முட்டை அன்று இட்டதாகவே இருக்கும். அமெரிக்காவில் 2020இல் மட்டும் வீட்டுக்கோழிகளோடு தொடர்புபட்ட சல்மொனெல்லாத் தொற்று 1,700க்கு மேற்பட்டவர்களிடம் உறுதிப்பட்டது. அந்த வருடம் கொரோனாவுக்குப் பயந்து வீட்டிலிருந்தவர்கள் புதிதாகக் கோழி வாங்கி வளர்த்தார்கள். நம் 2022ஐப் போல. முட்டையை மஞ்சட்கரு இறுகும்வரை அவித்துக் கொடுங்கள், சத்து எங்கும் போகாது. நல்லெண்ணெயை உழுத்தங்களியில் தாராளமாக விடுங்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கும் கைக்குழந்தைக்கும் முதியவருக்கும் பச்சை முட்டை, அரைவேக்காடு எதுவும் வேண்டாம். முட்டையில் எச்சம் ஒட்டியிருந்தால் கழுவி அடுக்கி வைக்காதீர்கள். ஈரம் ஓட்டின் நுண்துளை வழியே அழுக்கை உள்ளே இழுக்கும். காய்ந்த துணியால் துடைத்து வைத்து, சமைக்கும்போது கழுவுங்கள். குஞ்சைக் கன்னத்தில் வைத்துக் கொஞ்சும் பிள்ளைகளின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வையுங்கள்.

மேய்கிற மண்ணையும் கவனியுங்கள். சிட்னியில் வீட்டுக்கோழி முட்டைகளைச் சோதித்து 2022இல் வெளியான ஆய்வில், கடை முட்டையைவிடச் சராசரியாக நாற்பது மடங்கு ஈயம் இருந்தது. பழைய வீடுகளின் ஈயப் பெயின்ற் உதிர்ந்த மண்ணைக் கோழி கிளறியதே பெரிய காரணம். பழைய பற்றரி உடைத்த இடம், வாகனம் திருத்தும் கராஜ் பின்பக்கம், இடிந்த வீட்டுக் கற்குவியல், குப்பை எரித்த சாம்பல் மேடு என்று நம் வளவுகளிலும் அப்படியான இடங்கள் உண்டு. அங்கே கோழி போகாமல் ஒரு வலையை இழுத்து விடுங்கள்.

தண்ணீர்ச் சட்டியைத் தினமும் கவிழ்த்து, உரஞ்சிக் கழுவி நிரப்புங்கள். மாரியில் அந்தச் சட்டியில் டெங்கு நுளம்பு முட்டையிடும். கோழியின் கொண்டையிலும் கண்ணோரத்திலும் பருப்பருவாகக் கிளம்பும் அம்மையையும் நுளம்புதான் காவுகிறது. அம்மைக்கும் தடுப்பு மருந்து உண்டு, செட்டையில் குத்துவார்கள், மாரிக்கு முதலே கேளுங்கள். மற்றக் கேள்விகள் எல்லாம் சின்னவை. சிறகுதிர்க்கிற காலத்திலும் அடைக்கு இருக்கிற நாட்களிலும் பேடு முட்டை இடாது, அதற்கு மருந்து தேடாதீர்கள். சித்திரையில் வாயைத் திறந்து இரைத்தால் நிழலும் குளிர்ந்த தண்ணீரும் போதும், கூட்டுக்கு மேலே தகரம் மட்டும் என்றால் கிடுகு பரப்புங்கள். பேனுக்குச் சாம்பலும் காய்ந்த மண்ணும் கலந்த குழி ஒன்று போதும், தானே புரண்டு குளிக்கும். ஆனால் இரைப்போடு தூக்கமும் பச்சைக் கழிச்சலும் சேர்ந்தால் வெயில் என்று நினைத்துவிடாதீர்கள், மேலே சொன்ன இடத்துக்குத் திரும்பிப் போங்கள்.

இந்தக் கிழமையே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஒழுங்கையில் கோழி நிற்கும் வீடுகள் எத்தனை, கோழிகள் எத்தனை என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போய், ராணிக்கெட் மருந்துக் குப்பி ஒன்றை உங்கள் ஒழுங்கைக்கு எந்த நாளில் தருவார்கள் என்று கேட்டு வாருங்கள். கோழி தூங்கத் தொடங்கிய பிறகு போனால் அந்தக் கோழியை அவர்களாலும் மீட்க முடியாது.